செய்தி வாசித்தவர் திரும்பி வந்து அமர்ந்த நாற்காலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகையாளர்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையில், பிலிப்பைன்ஸ் நாட்டின் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் ஒருவர் துணை அதிபர் பதவி வரை உயர்ந்தார் என்று ஒரு வரி இருந்தது. பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. செய்தித் துறையில் இருப்போருக்கு ஊக்கம் தரும் சாதனை என்ற அளவில் அது சொல்லி முடிக்கப்பட்டிருந்தது. அந்த மனிதர் நோலி டி காஸ்ட்ரோ. அவருடைய வாழ்க்கையில் கட்டுரையாளர் நிறுத்திக்கொண்ட இடம் பாதி வழிதான் என்பதாலும், மீதிப் பாதிதான் நம் பக்கத்துக்கு மிகவும் வேண்டியது என்று நான் கருதுவதாலும் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட நேர்ந்தால் கண்மாய் பற்றிய பகுதியை மட்டும் கைவைக்காமல் விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திருமங்கலத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியனுக்கு மணிலா அரசியலில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலரைப் போல என் மகளும் மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸின் தாவோ நகருக்குப் போனவள். 2012-இல் அவளை அங்கே குடியமர்த்துவதற்காகப் போன நான் ஒரு மாதம் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மையார் தினமும் மாலையில் சமையலை நிறுத்திவிட்டு 'டிவி பட்ரோல்' என்னும் செய்தி நிகழ்ச்சியின் முன் உட்கார்ந்துவிடுவார். எனக்கு மொழி புரியாது. அவர் இடையிடையே ஆங்கிலத்தில் சொல்லுவார். திரையில் தெரிந்த நரைத்த மனிதரைக் காட்டி, "இவர்தான் எங்கள் கபாயன், ஆறு வருடம் துணை அதிபராக இருந்தவர்" என்றார். 'கபாயன்' என்றால் சொந்த நாட்டுக்காரர். நம் வழக்கில் சொன்னால் 'நம்ம ஊர்க்காரர்'. துணை அதிபராக இருந்தவர் எப்படி மறுபடியும் செய்தி வாசிக்கிறார் என்று நான் கேட்டதற்கு அவர், இதிலென்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

டி காஸ்ட்ரோ 1949-இல் மிண்டோரோ தீவின் போலா என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவர் பேர்பெற்ற காலத்தைப் புரிந்துகொண்டால்தான் அவர் பெற்ற வாக்குகளும் புரியும். 1972-இல் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தபோது, பின்னாளில் 'டிவி பட்ரோல்' நிகழ்ச்சியை நடத்திய ஏபிஎஸ்-சிபிஎன் ஒளிபரப்பு நிறுவனம் மூடப்பட்டது. 1986-இல் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடிய பிறகே அது மறுபடியும் திறந்தது. பதினான்கு ஆண்டுகள் அரசு அனுமதித்ததை மட்டுமே கேட்டுப் பழகிய மக்களுக்கு, 1987-இல் தொடங்கிய 'டிவி பட்ரோல்' சாதாரண மனிதர்களின் பேச்சுமொழிக்குப் பக்கத்தில் வந்து செய்தி சொன்னது. கனத்த குரலில், அவசரமில்லாமல், பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலச் சொன்னவர் டி காஸ்ட்ரோ. அவர் நடத்திய மற்றொரு நிகழ்ச்சியின் பெயருக்கே 'இரவு வணக்கம், நாட்டோரே' என்றுதான் பொருள். ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள், வாரத்தில் ஐந்து நாள்கள், ஒவ்வொரு வீட்டின் நடுக்கூடத்திலும் அவர் இருந்தார். எந்தக் கட்சித் தலைவருக்கும் அந்த இடம் வாய்க்கவில்லை.

அந்த நாட்டின் தேர்தல் முறை இதற்கு மேலும் வசதி செய்து கொடுத்தது. அவர்களுடைய நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் 24 பேர். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை 12 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொகுதிப் பிரிவு கிடையாது. நாடு முழுவதுமே ஒரே தொகுதி. அதாவது திருமங்கலத்தில் இருப்பவரும் திருத்தணியில் இருப்பவரும் ஒரே பன்னிரண்டு பேருக்கு வாக்களிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2010-இல் இயந்திரம் வரும்வரை அங்கே வாக்காளர் தாம் விரும்பும் பெயர்களை வாக்குச் சீட்டில் தம் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. சின்னத்தைப் பார்த்து முத்திரை குத்திப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். பன்னிரண்டு பெயர்களை நினைவிலிருந்து எழுதச் சொன்னால் யார் பெயர் முதலில் நினைவுக்கு வரும்? நேற்று இரவு பார்த்தவர் பெயர்தான். ஆகவே அங்கே நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் செய்தி வாசிப்பாளர்களும் செனட்டுக்குப் போனதில் மக்களின் அறியாமையைத் தேடுவதை விட, அந்த வாக்குச் சீட்டின் அமைப்பைத் தேடுவது நேர்மையாக இருக்கும்.

2001 மே மாதத் தேர்தலில் டி காஸ்ட்ரோ சுயேச்சையாக நின்றார். அவ்வாண்டு ஜனவரியில் பதவியிழந்த அதிபர் எஸ்ட்ராடாவின் அணி அவருக்குத் துணை நின்றது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று நாட்டிலேயே முதலிடத்தில் வந்தார். ஆறு ஆண்டுப் பதவிக்காலத்தின் பாதியிலேயே, 2004-இல், எஸ்ட்ராடாவுக்குப் பின் வந்த குளோரியா அரோயோவின் அணியில் சேர்ந்து துணை அதிபர் தேர்தலில் போட்டியிட்டார். எதிர் அணியில் அதிபர் வேட்பாளராக நின்றவர் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஃபெர்னாண்டோ போ. (நடிகர்கள் தேர்தலில் நிற்பதைப் பற்றி, 1980-இல் எம்.ஜி.ஆரை மதுரை மேற்கிலிருந்து சட்டமன்றத்துக்கு அனுப்பிய நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.) போவின் அணியில் துணை அதிபருக்கு நின்றவர் லோரன் லெகார்டா. அவரும் அதே ஏபிஎஸ்-சிபிஎன் நிறுவனத்தில் செய்தி வாசித்தவர். 1998 செனட் தேர்தலில் அவரும் முதலிடம் பெற்றவர். ஆக, ஒரே செய்தி அறையிலிருந்து புறப்பட்ட இருவர் ஒரு நாட்டின் இரண்டாவது உயர்ந்த பதவிக்கு மோதிக்கொண்டார்கள். டி காஸ்ட்ரோ ஏறத்தாழ ஒன்பது லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். லெகார்டா தொடுத்த தேர்தல் வழக்கு 2008-இல் தள்ளுபடியானது.

லெகார்டாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் அரசியலிலேயே நிலைத்துவிட்டார். 2000-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மைச் சட்டத்திலும் 2009-ஆம் ஆண்டின் பருவநிலை மாற்றச் சட்டத்திலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. செய்தியாளராக இருந்தவர் சட்டமன்றத்தில் உருப்படியாக எதுவும் செய்ய மாட்டார் என்று சொல்வோருக்கு அவரே பதில். எனவே ஊடகத்திலிருந்து அரசியலுக்குப் போவதே தவறு என்று நான் வாதிட வரவில்லை.

டி காஸ்ட்ரோவின் கதையில் என்னை நிறுத்தி வைத்த முதல் இடம் 2005. முந்தைய ஆண்டுத் தேர்தலில் அதிபர் அரோயோ, வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது தேர்தல் ஆணையர் ஒருவரோடு தொலைபேசியில் பேசியதாக ஒலிப்பதிவு வெளியாயிற்று. ஜூன் மாதத்தில் அரோயோ தொலைக்காட்சியில் தோன்றி, தேர்தல் அதிகாரி ஒருவரிடம் பேசியதற்காக மன்னிப்புக் கேட்டார். ஜூலையில் அமைச்சர்களும் உயர் அதிகாரிகளுமாகப் பத்துப் பேர் பதவி விலகினார்கள். அதிபர் விலகியிருந்தால் சட்டப்படி அந்த நாற்காலி டி காஸ்ட்ரோவுக்கே வந்திருக்கும். அவர் அதிபரின் பக்கம் நின்றார். ஆசைப்பட்டுக் கவிழ்க்கவில்லையே என்று அதைப் பெருந்தன்மையாகவும் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் பதினான்கு ஆண்டுகள் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், தாமும் வென்ற அதே தேர்தலைப் பற்றி நாடே கேள்வி கேட்டபோது கேட்பவர்கள் பக்கம் இல்லை. பதவி அப்படித்தான் செய்யும் என்று விட்டுவிடலாம். வீட்டுவசதித் துறை ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவராகப் பதவிக்காலம் முழுவதும் அவர் பணியாற்றியதையும் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது இடம்தான் முக்கியமானது. 2010 ஜூன் 30-இல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் 'டிவி பட்ரோல்' நாற்காலியில் மறுபடியும் அமர்ந்தார். இடைவெளி ஐந்து மாதங்கூட இல்லை. அவருக்குப் பக்கத்தில் இருவர். ஒருவர் டெட் ஃபெய்லான், 2001 முதல் 2004 வரை லெய்தே மாகாணத்திலிருந்து கீழ்ச்சபை உறுப்பினராக இருந்தவர். மற்றவர் கொரினா சாஞ்சஸ். அவருடைய கணவர் மார் ரோஹாஸ், அந்த ஆண்டு மே மாதத்தில்தான் துணை அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். நான் தாவோவில் பார்த்த திரையில் இருந்தவர்கள் இந்த மூவர். அவர்கள் அன்று சொன்ன செய்திகளில் ஒரு சொல் பொய் இருந்ததாக என்னால் சொல்ல முடியாது. மொழியே தெரியாது எனக்கு. ஆனால் முந்தைய அரசின் துணை அதிபர், முன்னாள் கீழ்ச்சபை உறுப்பினர், தோற்ற வேட்பாளரின் மனைவி ஆகிய மூவரும் உட்கார்ந்து, புதிய அரசைப் பற்றி நாட்டுக்குச் சொல்லும் செய்தியை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? வீட்டுக்கார அம்மையாருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

நம் ஊர் மரபு இதில் வேறு மாதிரியானது. 1967-இல் அமைந்த சட்டமன்றத்தை நினைத்துப் பாருங்கள். முதலமைச்சர் அண்ணா 'திராவிட நாடு' ஏட்டின் ஆசிரியர். பொதுப்பணித் துறை அமைச்சர் கலைஞர் 'முரசொலி'யை நடத்தியவர். பேரவைத் தலைவர் சி.பா. ஆதித்தனாரோ இதே மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கியவர். மூன்று ஏடுகளும் பிறந்தது 1942-இல். அதற்கும் முன்னால், அலகாபாத்தின் 'இண்டிபெண்டன்ட்' ஏட்டுக்கும் காந்தியடிகளின் 'யங் இந்தியா'வுக்கும் ஆசிரியராக இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பி, குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்று, கள்ளர் நாட்டு மக்களால் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைக்கப்பட்ட ஜார்ஜ் ஜோசப் இருந்தார். இவர்களில் யாரும் தம்மை நடுநிலையாளர் என்று சொல்லிக்கொண்டு வாசகனிடம் வரவில்லை. 'திராவிட நாடு' இதழைப் படிப்பகத்தில் விரித்தவனுக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறது என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். கட்சி ஏடுகளுக்கு உரிய குறைகள் அவற்றுக்கும் இருந்தன. மாற்றார் கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் வந்தால் ஆயிரம் என்று எழுதுவார்கள். ஆனாலும் படிப்பவன் அதைக் கழித்துக்கொண்டு படித்தான். டி காஸ்ட்ரோ திரட்டிய நம்பிக்கை அப்படிப்பட்டதன்று. யார் பக்கமும் இல்லாதவர் என்ற பெயரில் சேர்ந்த மூலதனம் அது. அதை எடுத்து ஓர் அரசியல் அணியின் பக்கம் வைத்தார். பிறகு மறுபடியும் யார் பக்கமும் இல்லாதவராக வந்து அமர்ந்தார்.

பிலிப்பைன்ஸிலேயே மூத்த தலைமுறை வேறாக இருந்தது. பெனிக்னோ அக்கினோ பதினேழு வயதில் 'மணிலா டைம்ஸ்' நாளிதழுக்காகக் கொரியப் போர்முனைக்குப் போனவர்; இருபத்திரண்டு வயதில் தம் ஊருக்கு மேயரானார்; ஆளுநர், செனட்டர் என்று வளர்ந்து, மார்க்கோஸின் இராணுவச் சட்டத்தின்போது 1972-இல் கைதாகி ஏழு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்து, 1983 ஆகஸ்ட் 21-இல் மணிலா விமான நிலையத்தில் இறங்கும்போது சுடப்பட்டார். அவர் செய்தித் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. மரியா ரெஸ்ஸாவோ ஏபிஎஸ்-சிபிஎன் செய்திப் பிரிவின் தலைவராக இருந்துவிட்டு, தேர்தல் பக்கமே போகாமல் செய்தியாளராகவே நின்று, வழக்குகளுக்கு நடுவில் 2021 அக்டோபரில் அமைதிக்கான நோபல் பரிசுக்குத் தேர்வானார். அதே மாதத்தில் டி காஸ்ட்ரோ மறுபடியும் செனட் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்து, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒலிபரப்புப் பணிக்கே போனார்.

இடையில் 2020-இல் அந்த நிறுவனமே முடங்கியது. அங்கே ஒளிபரப்பு நடத்த நாடாளுமன்றமே உரிமம் வழங்க வேண்டும். மே மாதத்தில் உரிமம் காலாவதியானது. ஜூலை 10 அன்று கீழ்ச்சபைக் குழு 70-க்கு 11 என்ற வாக்கில் புதிய உரிமத்தை மறுத்தது. தம்முடைய தேர்தல் விளம்பரங்களை ஒளிபரப்பவில்லை என்று அதிபர் துதெர்த்தே அந்த நிறுவனத்தின் மேல் வெளிப்படையாகவே கோபத்தில் இருந்தார். அந்த மறுப்பு பத்திரிகைச் சுதந்திரத்தின் மேல் விழுந்த அடிதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 'நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை' என்று அந்த நிறுவனம் குழுவின் முன் சொன்னபோது, அந்த வாதத்தைக் கேட்டவர்கள் மனத்தில் செய்தி மேசையின் நாற்காலிகள் வந்து போயிருக்காதா என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி எங்கள் கண்மாய். நான் பிறந்த ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, வானம் பார்த்த கரிசல் பூமி. பெய்கிற மழை கண்மாயில் நின்றால்தான் நெல். இல்லையென்றால் சோளமும் பருத்தியும். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றவர்களில் ஒருவர் பகுதி நேர நிருபர். எந்த நாளிதழ் என்று சொல்வது இங்கே அவசியமில்லை, தங்களுடையது அன்று. கெட்டிக்காரர், ஊர்ப் பிரச்சினைகளைக் கால்நடையாகவே போய்ப் பார்த்து எழுதியவர். குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தேர்தல் முடிந்த மறு மாதமே அதே நாளிதழில் அதே ஊரைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவர் வேட்பாளராக நின்றவர் என்று அந்த நாளிதழ் ஒரு வரியிலும் தன் வாசகர்களுக்குச் சொல்லவில்லை. ஊருக்கு மட்டும் தெரியும்.

அந்த ஆவணியில் அவர் எழுதிய செய்தி, கண்மாயின் வடக்கு மடையில் பலகை உளுத்துப்போய்க் கரை அரிக்கத் தொடங்கிவிட்டது என்பது. செய்தி உண்மை. நானே போய்ப் பார்த்தேன். என் முழங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆனால் தேநீர்க் கடையில் அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் "தோத்த வயித்தெரிச்சல்ல எழுதுறாரு" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார்கள். வென்ற தலைவரும் அதையே சொன்னார். எங்கள் பக்கத்துக்கு வந்த அதிகாரியும் அதையே கேட்டுக்கொண்டு போனார். ஐப்பசி மழை அந்த ஆண்டு நன்றாகத்தான் பெய்தது. தண்ணீர் மடை வழியாக ஓடைக்குப் போயிற்று. நட்ட நெல் கதிர் பிடிக்கும் முன்பே கண்மாய் சேறாகிவிட்டது. என் தம்பியின் ஒன்றரை ஏக்கரும் அதில் அடக்கம்.

இதில் நிருபர் பொய் எழுதவில்லை. ஊராரும் முட்டாள்கள் இல்லை. தேர்தலில் நின்றவர் எழுதுவதைக் கழித்துப் படிக்க வேண்டும் என்ற அவர்களுடைய கணக்கு, பொதுவாகச் சரியான கணக்குத்தான். மெய்யான செய்தியும் அந்தக் கழிவில் போய்விட்டது. வேறொரு நிருபரை அந்த நாளிதழ் ஒரு முறை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் மடைக்குப் புதுப் பலகை வந்திருக்கும்.

தேர்தல் காலத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இயங்குகிறது. விளம்பரத்துக்கு முன் அனுமதி தருவதும், காசு வாங்கிக்கொண்டு செய்தியாகப் போடப்படுவதைக் கண்டுபிடிப்பதும் அதன் வேலை. செய்தி எழுதுகிறவரே வேட்பாளராக இருந்தவரா என்று பார்ப்பது எந்தக் குழுவின் வேலையும் இல்லை. சட்டத்தால் அதைச் செய்யவும் கூடாது என்பதே என் எண்ணம். அரசாங்கம் நிருபர்களைத் தரம் பிரிக்கத் தொடங்கினால் 1972-இல் மணிலாவில் நடந்ததுதான் நடக்கும். ஆகவே அது தங்களைப் போன்ற ஆசிரியர்களின் பொறுப்பாகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கள் நாளிதழின் நிருபரோ, பகுதி நேரச் செய்தியாளரோ, பத்தி எழுதுபவரோ ஏதேனும் ஒரு கட்சியில் சீட்டுக் கேட்டு மனுக் கொடுத்தாலோ, சுயேச்சையாக நின்றாலோ, அன்றே அதை வாசகர்களுக்குத் தெரிவியுங்கள். தோற்றுத் திரும்பி வந்தால் வேலை கொடுங்கள். பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. விளையாட்டுச் செய்தியோ, சந்தை விலையோ, சித்திரைத் திருவிழாவோ எழுதட்டும். அவர் நின்ற ஊரைப் பற்றிய செய்தியை மட்டும் அடுத்த தேர்தல் வரையிலாவது வேறொருவர் எழுதட்டும். ஆள் பற்றாக்குறையால் அவரே எழுத நேர்ந்தால், 'இவர் முந்தைய தேர்தலில் இந்த ஊராட்சியில் போட்டியிட்டவர்' என்று செய்தியின் அடியில் ஒரு வரி போடுங்கள். அச்சில் அது அரை அங்குல இடங்கூடப் பிடிக்காது.

நடுப்பக்கக் கட்டுரையாளருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டி காஸ்ட்ரோவை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது 2004-இல் நிறுத்தாமல் 2010 நவம்பர் வரை கொண்டுபோய்ச் சொல்லட்டும். எங்கள் வடக்கு மடைக்கு இன்னும் பழைய பலகைதான். இந்த ஆண்டும் ஆவணி பிறப்பதற்குள் தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பினால் வழிகாட்ட நானே உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.